துப்பாக்கி பேசினால் யாரைக் கைது செய்வது?

நாஸ் என்ற நியூயார்க் ராப் பாடகர் 1996இல் வெளியிட்ட ஒரு பாட்டில் ‘நான்’ என்று பேசுவது ஒரு கைத்துப்பாக்கி. கைமாறிக் கைமாறிக் கொலைகளுக்கு உடந்தையாகி அலுத்துப்போய், கடைசியில் வேண்டுமென்றே அடைத்துக்கொண்டு வெடிக்க மறுக்கும் துப்பாக்கி. இதைக் கேட்டு நாஸ் இரும்பால் ஆனவர் என்று யாரும் நம்பவில்லை. ஆனால் வேறொரு பாட்டில் ஒருவன் ‘சுட்டேன்’ என்று சொல்லிவிட்டால் போதும், பாடியவன்தான் சுட்டவன் என்று படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். ராப் பாடகனுக்குக் கற்பனை கிடையாது, பட்டதைத்தான் பாடுவான் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வெறும் ரசனைக் கோளாறு என்றால் விட்டுவிடலாம். அமெரிக்காவில் இதை வைத்து ஆட்களைச் சிறைக்கு அனுப்புகிறார்கள்.

லூசியானாவின் மேக் ஃபிப்ஸ் வழக்கு ஒன்றே போதும். 2000ஆம் ஆண்டு அவர் பாட வந்த கிளப்பில் ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். வேறொருவர் தானே சுட்டதாகப் போலீசிடம் ஒப்புக்கொண்டார். ஆனாலும் 2001இல் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் ஃபிப்ஸ். அரசு வழக்கறிஞர் ஜூரிக்கு அவருடைய வரிகள் என்று சிலவற்றைச் சொன்னார். அப்படியொரு பாட்டை ஃபிப்ஸ் எழுதவே இல்லை. இரண்டு தனித்தனிப் பாட்டுகளிலிருந்து வெட்டி ஒட்டிய வரிகள் அவை. அவற்றில் ஒன்று வியட்நாம் போருக்குப் போய்வந்த தந்தையைப் பற்றி மகன் பாடியது. அப்பாவைப் பற்றிய வரி மகனின் வாக்குமூலமாகிவிட்டது. பன்னிரண்டு ஜூரர்களில் பத்துப் பேர் ‘குற்றவாளி’ என்றார்கள். அன்றைய லூசியானா சட்டத்துக்கு அது போதும். தண்டனை முப்பது ஆண்டு. 2021இல்தான் பரோலில் வெளியே வந்தார்.

இத்தகைய வழக்குகளில் பாட்டுக்குப் பொருள் சொல்லச் சாட்சிக் கூண்டில் ஏறுபவர் பல சமயம் ஒரு போலீஸ் அதிகாரி. தெருக் கும்பல்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கலாம். எதிராளியின் தாயை இழுத்து வசைபாடி, முதலில் கோபப்பட்டவனைத் தோற்றவனாக்கும் ‘டஜன்ஸ்’ விளையாட்டைப் பற்றி அவர் ஜூரிக்குச் சொல்வாரா? 1895இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒரு கொலையை வைத்துக் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த ஸ்டாக்கர் லீ கதைப்பாட்டுகளைப் பற்றிச் சொல்வாரா? அந்தப் பாட்டு 1959இல் லாயிட் பிரைஸின் குரலில் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. ராப்பின் வாய்ச்சவடால், வன்முறைப் பெருமை, மிகை எல்லாம் இந்த மரபின் சொத்து. 1990இல் ஃப்ளோரிடாவில் 2 லைவ் க்ரூ குழு மீது ஆபாச வழக்கு நடந்தபோது, இலக்கிய அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் நேரில் வந்து இதைத்தான் விளக்கினார். குழு விடுதலையானது. எல்லா வழக்குக்கும் ஒரு கேட்ஸ் கிடைப்பாரா?

நீதிமன்றத்தின் இரட்டை நாக்கைப் பார்க்க ரிக் ராஸ் கதைக்குப் போகவேண்டும். வில்லியம் ராபர்ட்ஸ் என்ற ஃப்ளோரிடாக்காரர், கலிபோர்னியாவில் உண்மையிலேயே கொக்கைன் விற்றுச் சிறைக்குப் போன ஒருவரின் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டு, கடத்தல் மன்னனாகவே பாடிப் பணம் குவித்தார். 2008இல் குட்டு உடைந்தது. 1990களில் அவர் பார்த்த வேலை சிறைக் காவலர்! முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். கேட்பவர்கள் ஓடிவிடவில்லை. அடுத்த ஆண்டு வந்த அவருடைய ஆல்பம் முதலிடம் பிடித்தது. அசல் ரிக் ராஸ் பெயருக்காக வழக்குப் போட்டார். 2013இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாடகர் சொல்வது கற்பனைக் கதை, பெயர் அந்தக் கலைப் படைப்பின் ஒரு பகுதி, அதற்குப் பேச்சுரிமை உண்டு என்றது. காசும் பெயரும் பிரச்சினையானால் ராப் கற்பனை. கொலை வழக்கு என்றால் அதே ராப் வாக்குமூலம்.

நிறமும் இங்கே வேலை செய்கிறது. கிங்ஸ்டன் ட்ரையோ என்ற வெள்ளையர் நாட்டுப்பாடல் குழு போலீஸ்காரரைச் சுட்டவனின் கதையை 1960இல் பாடியது. அதன் வரிகளை ஆய்வாளர்கள் சிலரிடம் ‘ராப்’ என்றும் சிலரிடம் ‘கன்ட்ரி’ என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 1996இல் ஒரு முறை, 2016இல் வேறொரு குழு மறுபடியும். அதே வரிகள்தான், ராப் என்று பெயர் ஒட்டியதும் ஆபத்தானவையாகத் தெரிந்தன. பின்னைய ஆய்வில், நடந்ததை அப்படியே சொல்வதாகவும் தோன்றின.

அரசு வழக்கறிஞரை மட்டும் திட்டிப் பயனில்லை. ராப்பைக் கொண்டாடுகிறவர்களும் இதே நம்பிக்கைக்குத்தான் எண்ணெய் ஊற்றுகிறார்கள். ‘தெருவின் உண்மைக் குரல்’, ‘பொய்யில்லாத வாழ்க்கை ஆவணம்’ என்று புகழுரை எழுதுகிறவர், அந்தக் கலைஞனிடமிருந்து கதை சொல்லும் உரிமையைப் பிடுங்கிக்கொள்கிறார். பாடகர்களும் சளைத்தவர்கள் அல்லர். தாங்கள்தான் ‘அசல்’ என்று சத்தியம் செய்வது இந்தத் தொழிலின் விளம்பர உத்தி. அதை உத்தி என்று அறிவது கேட்பவர் பொறுப்பு. ராப் பாடகர் டுபாக் ஷகூர் பால்டிமோர் கலைப் பள்ளியில் நடிப்பும் பாலேவும் பயின்றவர் என்பதை ரசிகர்கள் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

சோல் இசையில் இந்தத் தொல்லை இல்லை. மார்வின் கே 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பும் சிப்பாயின் கண்ணால் ஓர் ஆல்பம் முழுக்கப் பாடினார். அவர் வியட்நாம் போனதில்லை, போய்வந்தவர் அவருடைய தம்பி. யாரும் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. ஓட்டிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’, வீடு திரும்பும் ஆண் கேட்கும் மரியாதை. 1967இல் அரேத்தா ஃபிராங்க்ளின் பாடியதும் அது பெண் கேட்கும் மரியாதையானது, பிறகு ஓர் இனமே கேட்கும் மரியாதையானது.

பாடுபவரையும் பாட்டில் பேசுபவரையும் பிரித்துப் பார்ப்பது நமக்கும் புதிதல்ல. அகப்பாட்டை எடுத்ததும் இது யார் கூற்று என்று கேட்கப் பழகியவர்கள் நாம். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி ஏங்கும்போது ஆழ்வாரின் சொந்த வாழ்க்கையைத் துருவுவதில்லை. (கண்ணதாசன் என்று வந்துவிட்டால் மட்டும் பாட்டுக்குப் பாட்டு ஒரு சம்பவம் சொல்லாமல் நமக்குத் தூக்கம் வராது, அது வேறு கதை.)

சில பாடகர்கள் உண்மையிலேயே குற்றம் செய்தவர்கள்தானே என்று கேட்கலாம். ஆமாம். கொலைகாரனுக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரம் ஒரு பாட்டில் இருந்தால், அதைக் கடிதம்போல எடுத்து விசாரிக்கட்டும். நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2014இல் ஸ்கின்னர் வழக்கில் வகுத்த விதி ஏறக்குறைய இதுதான். குற்றத்தோடு நேரான, வலுவான தொடர்பு இல்லாத வரிகள் ஜூரியின் காதுக்கே போகக்கூடாது. அந்த வழக்கில் பதிமூன்று பக்கப் பாட்டு வரிகளை வாசித்திருந்தார்கள், பல வரிகள் சம்பவத்துக்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டவை. ஷெரீஃபைச் சுட்டதாகப் பாடிய பாப் மார்லி யாரையும் சுட்டதாக நாம் கருதுவதில்லையே என்று தீர்ப்பு கேட்டது. கலிபோர்னியா 2022இல் இதற்கென்று சட்டமே கொண்டுவந்தது. அதே ஆண்டு அமெரிக்கக் காங்கிரசில் வந்த மசோதா நிறைவேறவில்லை. 2023 நவம்பரில் ஜார்ஜியா நீதிபதி ஒருவர், ராப் பாடகர் யங் தக்கின் பாட்டு வரிகளை அவர்மீதான வழக்கில் சாட்சியமாக வாசிக்க நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்.