கடதாசி போச்சு, பொறுப்பு போகேல்ல

இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸில 2015 யூன் 8 வரைக்கும் சாரதி அனுமதிப்பத்திரம் எண்டால் ரெண்டு துண்டு. ஒண்டு படம் போட்ட பிளாஸ்ரிக் அட்டை, மற்றது அதோட வாற கடதாசி. ஆருக்கு எத்தனை குற்றப் புள்ளி எண்ட விபரம் இருந்தது அந்தக் கடதாசியில. அண்டையோட அது செல்லாது எண்டு அறிவிச்சு, எல்லாத்தையும் கணினிப் பதிவுக்கு மாத்திப்போட்டினம்.

இதைப் பற்றிப் பேசினவை கூடுதலா வாடகைக் கார் எடுக்கிற ஆக்களைப் பற்றித்தான் பேசினவை. வாகனம் ஓடப் பழக்கிற மாஸ்டர்மாரைக் கனபேர் யோசிக்கேல்ல.

முதல் வகுப்புக்கு முன்னம் அட்டையையும் கடதாசியையும் வாங்கிப் பார்த்தால் முந்தி மாஸ்டரின்ர வேலை முடிஞ்சுது. இப்ப பழகிற பிள்ளை அரச இணையத்தளத்துக்குப் போய், அனுமதிப்பத்திர இலக்கம், தேசிய காப்புறுதி இலக்கம், தபால் குறியீடு மூண்டையும் குடுத்து ஒரு குறியீடு எடுக்கவேணும். அதோட அனுமதிப்பத்திர இலக்கத்தின்ர கடைசி எட்டு எழுத்தையும் மாஸ்டருக்கு அனுப்பவேணும். அந்தக் குறியீடு 21 நாள்தான் செல்லும், ஒருக்காத்தான் பாவிக்கலாம். பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் திறக்காது.

கடதாசிக்காக நான் அழ வரேல்ல. அச்சடிச்ச நாளில இருந்த நிலைமையைத்தான் அது சொல்லும். ஒளிக்கலாம், துலைஞ்சுபோச்சு எண்டும் சொல்லலாம். கணினி இண்டைய நிலைமையைச் சொல்லுது. தன்ர பதிவை ஆர் பார்க்கிறது எண்டு பிள்ளையே தீர்மானிக்கிறதும் நியாயம்தான்.

ஆனால் பொறுப்பு ஆரிட்ட? அனுமதி இல்லாத ஒருத்தரை வாகனம் ஓட விடுறது அங்க குற்றம். பெரும்பாலும் காரும் மாஸ்டரின்ரதான், காப்புறுதியும் அவரின்ரதான். திறப்பு மட்டும் பிள்ளையின்ர கையில. 17 வயசுப் பிள்ளைக்கு அந்த இலக்கம் ஞாபகம் இல்லை எண்டால், றோட்டுக்கரையில காத்திருக்கிற நேரம் மாஸ்டருக்கு நட்டம். கனபேர் சுயதொழில்காரர், படிப்பிக்காத மணித்தியாலத்துக்குக் காசு இல்லை. "சரி, அடுத்தமுறை காட்டு" எண்டு சொல்லி ஓட விட்டால், அந்த ஆபத்தும் அவரின்ர தலையிலதான்.

சோதனையிலயும் இதே கதை. 2019இல் பரிசோதகர்மார் கடதாசிப் படிவத்தை விட்டு டப்லெட்டுக்கு மாறினவை. முடிவு சொல்லேக்க மாஸ்டரும் பக்கத்தில நிண்டு கேட்கலாம். ஆனால் எழுத்தில இருக்கிற பிழைப் பட்டியல் பிள்ளையின்ர மின்னஞ்சலுக்குத்தான் போகுது. அடுத்த வகுப்பில எதைத் திருத்திறது எண்டு பார்க்க அந்தப் பட்டியல் தேவைப்படுறது மாஸ்டருக்கு. பிள்ளை அனுப்பினால் உண்டு, இல்லாட்டி இல்லை.

தீர்வு பெரிய விசயம் இல்லை. பழகிற காலத்துக்கு எண்டு பிள்ளை ஒருக்கா சம்மதம் குடுக்கட்டும். மாஸ்டர் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கக்கூடியதா இருக்கட்டும்: "இவர் இண்டைக்கு ஓடலாமா?" ஓம் அல்லது இல்லை எண்ட பதில் காணும். விலாசமோ பழைய குற்றமோ அவருக்குத் தேவையில்லை.

எங்கட ஊரில படிவம் நிரப்பிறதில இருந்து சோதனைத் திகதி வரைக்கும் ஓடித்திரியிறவை லேனர்ஸ்காரர்தான். இஞ்சயும் எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கப்போயினம் எண்டால், திணைக்களத்துக்கும் சாரதிக்கும் நடுவில இருக்கிற இந்த மூண்டாவது ஆளையும் முதலே கூப்பிட்டுக் கேளுங்கோ. பக்கத்து சீற்றில இருந்து பிரேக் மிதிக்கிறது அவர்தானே.