வெள்ளம் வடிந்தது, தொண்டும் வடிய வேண்டுமா?

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தபோது ஜிந்துப்பிட்டியிலிருந்தும் எமது இளைஞர்கள் புறப்பட்டார்கள். சமைத்த உணவுப் பொதிகளை இன, மத பேதமின்றிக் கொடுத்து, சேறு அள்ளிவிட்டு, நள்ளிரவில்தான் திரும்பினார்கள்.

அவர்களில் ஒருவன் என் பழைய மாணவன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். பகலில் உறக்கம், இரவில் போன். அந்த இரண்டு வாரமும் அவன் நேரத்துக்கு எழும்பினான், நேரத்துக்குச் சாப்பிட்டான் என்று அவனது தாய் சொன்னார். "இப்ப திரும்பவும் பழைய மாதிரித்தான் சேர்" என்றும் சொன்னார்.

தொண்டு செய்பவருக்கு உடல்நலமும் மனநலமும் கூடும் என்பார்கள். ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள்தானே தொண்டுக்கு முன்வருகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கனடாவின் வன்கூவர் நகரில் இதைப் பரிசோதித்தார்கள். பத்தாம் தர மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் வாரம் ஒருமுறை, சுமார் இரண்டு மாதங்கள், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உதவ அனுப்பினார்கள். அவர்களது கொலஸ்ட்ரோலும் உடல் அழற்சியின் அளவும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததாக 2013இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. பிறர்மீதான பரிவு அதிகம் வளர்ந்தவர்களே கூடுதல் பயன் பெற்றார்கள்.

இங்கு கவனிக்க வேண்டியது, அது வாரம் ஒருமுறை செய்த சிறிய வேலை என்பதே. நாமோ அனர்த்தம் வந்தால் உறக்கமின்றி ஓடுகிறோம், ரமழானில் உலர் உணவு பகிர்கிறோம், இடைப்பட்ட மாதங்களில் ஓய்ந்துவிடுகிறோம். ஓடும்போதும் சிலரே எல்லாவற்றையும் சுமந்து களைத்துப் போகிறார்கள். பெண்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் நாம் வேலையே கொடுப்பதில்லை.

எமது தோட்டங்களில் ஓரறை வீடுகளில் அமைதியாக உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை வீட்டிலிருக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அஸருக்குப் பின் ஒரு மண்டபத்தைத் திறந்துவிட்டால் இருசாராருக்கும் உதவும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் முறைப்பட்டியல் ஒன்றைப் போடட்டும். ஒருவருக்கு வாரம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எமது சகோதரிகள் முன்வருவார்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வரும்படி அந்த மாணவனிடம் சொல்லியிருக்கிறேன். வாசிக்கத் தடுமாறும் மூன்று பிள்ளைகள் அவனுக்காகக் காத்திருப்பார்கள்.