மருந்தை நிறுத்தும் நாளை ஊர் குறிக்க வேண்டாம்

நிலைப்பாட்டு அறிக்கை
செம்மங்குப்பம், கடலூர் மாவட்டம்

அபின் வகைப் போதையிலிருந்து மீளப் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தை எடுத்துவருபவரிடம், "இதை எப்போப்பா விடப்போறே?" என்று வீட்டார் கேட்பது வழக்கம். ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டான் என்றே அவர்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் குழு இதில் உறுதியாக இருக்கிறது: எப்போது குறைப்பது, எவ்வளவு வேகத்தில் நிறுத்துவது என்பதை மருந்து எடுப்பவரும் மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். கல்யாணத் தேதியையோ வெளிநாட்டு விசாவையோ வைத்து மற்றவர்கள் கெடு விதிக்கக் கூடாது.

கோயிலில் கயிறு கட்டிக் குடியை விட்டவர்கள் இந்தப் பக்கம் உண்டு. அந்த வைராக்கியத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. (நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதற்கும் மருத்துவர் வேண்டும்.) ஆனால் நாக்கடியில் கரையும் புப்ரெனார்ஃபின் மாத்திரை, மூளையில் அபின் பொருள் பற்றும் அதே இடத்தில் பற்றித் தவிப்பை அடக்கி வைக்கிறது. திடீரென நிறுத்தினால் கை கால் குடைச்சல், பேதி, ஓயாத கொட்டாவி, மயிர்க்கூச்சம், தூக்கமின்மை எல்லாம் வரும். அதுவும் உடனே வராது. மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகிறது. இரண்டு நாள் தெம்பாக இருந்து, "அவ்வளவுதானா?" என்று நினைக்கும்போது பிடித்துக்கொள்ளும். தூக்கம் சீராக வாரக்கணக்கில் ஆகலாம்.

மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். 8 மில்லிகிராமிலிருந்து 6-க்கு இறங்குவதைவிட, கடைசி 2 மில்லிகிராமை விடுவதுதான் பலருக்குப் பாடு. 0.4 மில்லிகிராம் மாத்திரை அங்கே கைகொடுக்கிறது. தாங்கவில்லை என்றால் முந்தைய அளவுக்குத் திரும்பலாம், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. தவிப்பைத் தணிக்கத் தரப்படும் குளோனிடின் ரத்த அழுத்தத்தை இறக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கடையில் வாங்கிப் போடக் கூடாது.

எங்களை அதிகம் பயமுறுத்துவது இந்தத் தவிப்பல்ல, அதற்குப் பிந்தைய நாட்கள். நிறுத்தியபின் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது. பழைய அளவை நினைத்து மறுபடி போதை ஊசி போட்டால் மூச்சே நின்றுபோகலாம். அவசரமாக நிறுத்தவைக்கும் குடும்பம் இந்த ஆபத்தைத்தான் அறியாமல் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. கர்ப்பிணிகளுக்கு இன்னும் கவனம் தேவை. அவர்கள் மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது.

அறையில் பூட்டி, கட்டிப்போட்டுப் "பழக்கத்தை முறிக்கும்" இடங்களை நாங்கள் ஏற்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்தவர்கள் தீயில் மாண்டதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்கியது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது.

அரசிடம் ஒன்று கேட்கிறோம். கொரோனா ஊரடங்கின்போது 2020-இல், நிலையாக இருந்தவர்களுக்குப் பல நாள் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அனுமதி கிடைத்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவர் தினமும் கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ போய் மாத்திரைக்காக வரிசையில் நின்றால் வேலை போகும். வேலை போனால் மருந்தும் நிற்கும். மருத்துவர் தகுதியானவர் என்று கருதுவோருக்கு அந்த ஏற்பாடு தொடர வேண்டும்.

வழக்குக்குப் பயந்து ஒளிந்திருப்பவர்களுக்கு: தாமே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெறும் போதை அடிமைகளுக்குச் சில வழக்குகளிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவு, 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் இருக்கிறது. 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை. மருத்துவரிடம் போகும்போது கடைசியாக எதை, எப்போது, எவ்வளவு எடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முதல் மாத்திரையை எப்போது தருவது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.