மருந்தைக் குடிக்கிறவர்களின் ஆங்கிலம்

திருகோணமலை லிங்கநகரிலிருந்து ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்குப் போகிற ஒருவரிடம் தேர்வாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஊரைப் பற்றித்தான். எங்கே இருக்கிறீர்கள், அங்கே என்ன பிடிக்கும், மழைக்காலம் எப்படி? நம் பிள்ளைகள் பதிலைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள்: ‘இட் ரெய்ன்ஸ் கெட்ஸ் அண்ட் டோக்ஸ்.’ டியூட்டரியில் கொடுக்கிற தாளின் முதல் பக்கத்திலேயே இருக்கும் தொடர் அது. ஆனால் அந்த மார்கழி மழையில் தடிமன் பிடித்து மருந்து எடுத்த கதையைச் சொல்லப் போனால், ‘ஐ டிரேங்க் மெடிசின்’ என்று வந்து விழுகிறது.

இன்று இங்கிலாந்தில் மழையைப் பற்றிப் பேசுகிற யாரும் நாயையும் பூனையையும் அதிகம் இழுப்பதில்லை. ‘ஹெவி ரெய்ன்’ என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடுவார்கள். மருந்தையோ எல்லாரும் ‘டேக்’ பண்ணுகிறார்கள். அலங்காரத் தொடரைப் பாடமாக்கிக்கொண்டு அன்றாடச் சொற்சேர்க்கையை விட்டுவிடுவது, பொத்தான் இல்லாத சட்டைக்கு டை கட்டுவது மாதிரி. நமது ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகளில் பல இந்த டையைத்தான் விற்கின்றன.

தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதலில் சொந்த விடயங்கள். பிறகு ஒரு தலைப்பு எழுதிய அட்டையும் பென்சிலும் தந்து 1 நிமிடம் யோசிக்க விடுவார்கள், அதன்பின் 2 நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். கடைசியாக அதே தலைப்பில் கொஞ்சம் ஆழமான உரையாடல். எல்லாம் பதிவாகும். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்குக்கும் சமமான எடை. சொல்வளத்தில் 7ஆம் புள்ளிக்கான விவரிப்பு, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற உணர்வு பேச்சில் தெரிகிறதா என்று பார்க்கிறது. அதே விவரிப்பு சில பொருந்தாத தெரிவுகளையும் மன்னிக்கிறது. மனப்பாடமோ அப்படி எளிதில் தப்பாது. ஓட்டம் திடீரென மாறிக் குரல் வாசிப்பதுபோல ஒலித்தால் தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்த கேள்வி வேறு பக்கத்திலிருந்து வரும்.

பிழை எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் சோம்பலைக் குற்றம் சொல்ல முடியாது. தாய்மொழியில் செம்மையாக ஓடுகிற சேர்க்கையே ஆங்கிலத்திலும் போய் உட்காருகிறது. ‘அம்மாவுக்குக் கோல் எடுத்தனான்’ என்பது திருகோணமலையில் நல்ல தமிழ். அப்படியே மாற்றினால் ‘ஐ டுக் எ கோல் டு மை மதர்’. கேட்கிறவருக்கு அழைத்தது யார் என்றே குழப்பம், ஏனென்றால் அவருடைய வழக்கில் கோல் ‘மேக்’ பண்ணப்படுவது. குளிசையை நாம் போடுகிறோம், பாணி மருந்தைக் குடிக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘டேக்’. தடிமன் நம்மைப் பிடிக்கிறது, அவர்களோ தடிமனைப் பிடிக்கிறார்கள். மறுபக்கத்தில் பஸ் பிடிப்பதும், சோதனை எடுப்பதும், படம் எடுப்பதும் இரண்டு மொழியிலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் படிக்க ஒரு நிமிடமும் செலவிட வேண்டாம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதற்குத் தமிழ் தெரிந்த ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் யார்? வெளிநாட்டு ஆசிரியர் வந்து சொல்லித்தர முடியாத இடம் இது.

அளவுக்கு மீறிய கண்டிப்பும் நடக்கிறது. ‘டேக் எ டிசிஷன்’ என்று சொன்ன பிள்ளையைத் திருத்துகிற மாஸ்டர்மார் உண்டு. பிரித்தானியரே அப்படியும் சொல்கிறார்கள்.

சேர்க்கையில் தடுமாறுகிற இந்தச் சங்கதி ஆசியாவில் புதிதல்ல. 1922இல் ஜப்பான் அரசின் அழைப்பில் தோக்கியோவுக்குப் போன ஹரோல்ட் பாமர், அங்கே ஆங்கிலம் கற்கிறவர்கள் இடறுவது தனிச்சொற்களில் அல்ல, சொற்கூட்டங்களில்தான் என்று கண்டு, 1933இல் அவற்றைத் தொகுத்து அறிக்கையாக வெளியிட்டார். அவரோடு வேலை செய்த ஏ. எஸ். ஹோர்ன்பி அந்த வழியிலேயே ஓர் அகராதி தொகுத்தார். அது தோக்கியோவில் அச்சான ஆண்டு 1942. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே ஆண்டு. ஒக்ஸ்போர்ட் மாணவர் அகராதி என்று நம் வீட்டு அலுமாரிகளில் இருப்பது அந்த நூலின் வாரிசுதான்.

துறைமுகம் என்றதும் இன்னொரு விடயம். அட்டையில் வரக்கூடிய தலைப்புகளில் ஒன்று, நீர்நிலைக்கு அருகே நீங்கள் போன ஓரிடத்தை விவரியுங்கள் என்பது. உலகப் பெயர்பெற்ற துறைமுகத்தின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளை, இணையத்தில் எடுத்த மாதிரி விடையைப் பார்த்து, போகாத மாலைதீவைப் பாடமாக்கிக்கொண்டு போகிறது. தன் ஊருக்கான சேர்க்கைகள் எவ்வளவு எளிதில் கிடைக்கும் என்று பாருங்கள். ‘நெச்சுரல் ஹாபர்’, ‘டீப் வோட்டர்’, ‘ரஃப் சீ’, ‘காம் சீ’. புறாத்தீவுக்குப் போனால் ‘போட் ரைட்’, ‘கோரல் ரீஃப்’. அங்கே ‘ஸ்ட்ரோங் கரண்ட்’ உண்டு என்று எச்சரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மழைக்கு ‘ஹெவி’, நீரோட்டத்துக்கு ‘ஸ்ட்ரோங்’: இரண்டையும் மாற்றிப் போட்டால்தான் காதில் உறுத்தும். நிலாவெளிக் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளோடு வேலை செய்கிற படகோட்டிகள் பலர் இவற்றை எந்த வகுப்புக்கும் போகாமலே பேசுகிறார்கள். கன்னியாவை எடுத்தால் ‘ஹொட் ஸ்பிரிங்’. கிணறு கிணறாக ஏழு இருப்பதால் ஊர் வழக்கில் ‘ஹொட் வெல்ஸ்’ என்றும் சொல்வார்கள். இரண்டையும் சொல்லி, ஏன் என்றும் விளக்குகிற பிள்ளைக்கு 2 நிமிடம் போதாது.

இந்தப் பக்கத்திலிருந்து எல்லாரும் பல்கலைக்கழகத்துக்காகவே தேர்வு எழுதுவதில்லை. 2010 நவம்பர் முதல், பிரித்தானியாவில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போகிறவர்கள் அடிப்படை ஆங்கிலம் பேசவும் கேட்கவும் தெரியும் என்று விசாவுக்கு முன்பே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதற்கான லைஃப் ஸ்கில்ஸ் தேர்வின் தொடக்க நிலையில் முன்பின் தெரியாத இன்னொரு தேர்வரோடு சேர்ந்து 20 நிமிடத்துக்கும் குறைவாகப் பேச வேண்டும். புள்ளி கிடையாது, சித்தி அல்லது தோல்வி மட்டும். அங்கே மரபுத்தொடரால் ஒரு பயனும் இல்லை. ‘வட் அபௌட் யூ’, ‘ஐ கெட் அப் அட் சிக்ஸ்’ என்று முழுத்துண்டாக வாயில் வருவதுதான் கைகொடுக்கும். கலியாணம் முடித்துக் காத்திருக்கிற பெண்ணிடம் நீண்ட சொற்பட்டியலைக் கொடுத்துக் காசு வாங்குவதில் நியாயம் இல்லை.

இனி, நாம் ஏன் பிரித்தானியரைப் போலச் சேர்க்க வேண்டும் என்ற கேள்வி. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசு அறிவித்தபோது, நம் பாணியிலேயே ஆங்கிலம் பேசுவோம் என்ற முழக்கமும் வந்தது. மைக்கேல் மெய்லர் 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். இங்கே ஆளுக்காள் விளங்கிக்கொள்கிற வழக்கைப் பிழை என்று ஒதுக்குவது மடமை. ஆனால் பேச்சுத் தேர்வு வெளியூராருடன் பேசுவதற்கான சோதனை. வீட்டில் கோல் எடுக்கலாம். தேர்வறையில் ‘மேக்’ பண்ணத் தெரிந்திருப்பது நல்லது. ஊர் உச்சரிப்பை யாரும் மாற்றச் சொல்லவில்லை, விளங்கினால் போதும்.

பழுது டியூட்டரியில் மட்டும் இல்லை. பாடசாலையில் 3ஆம் தரத்தில் முறைப்படி தொடங்குகிற ஆங்கிலம், 11ஆம் தரத்தில் க.பொ.த. சாதாரண தரத்தில் எழுத்துத் தாள்களாலேயே அளக்கப்படுகிறது. ஒன்பது வருடம் படித்த பிள்ளை பரீட்சைக்காக ஒரு வசனமும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. பேச வைத்தால்தான் எந்தச் சேர்க்கை வராமல் நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். நேரம் இல்லை, ஆள் இல்லை என்ற பதில் வரும். ஆள் இல்லை என்பது சில பாடசாலைகளில் உண்மை. நேரத்தைக் கணக்குப் பார்க்கலாம்: வகுப்பில் 40 பிள்ளைகள், ஆளுக்கு 5 நிமிடம், மொத்தம் 200 நிமிடம். 40 நிமிடப் பாடவேளையில் ஒரு தவணைக்கு ஐந்தே ஐந்து. 10ஆம் தரத்தில் அதை ஒதுக்க வலயக் கல்வி அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே தொடங்கலாம்.