நன்றியுரைக்குப் பிறகு



இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதுகலை, ஆய்வு மாணவர்கள் எழுதியவை. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே புலம்பல்தான். காலையில் வகுப்பு, மதியம் லேப், சாயங்காலம் செமினார், நடுவே இன்டர்னல். இத்தனைக்கும் மேல் வாரம் தவறாமல் யாராவது ஒரு சிறப்பு விருந்தினர். "நாங்கள் எப்போதுதான் சார் படிப்பது?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

நியாயமான கேள்வி. நம் கல்லூரிகளில் சிறப்பு விருந்தினர் வந்தால் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து மிஞ்சும் நேரம்தான் பேச வந்தவருக்கு. கேள்வி கேட்க ஒரு பெண் எழுந்திருக்கும்போது நன்றியுரைக்கு இன்னொருவர் மைக்கைப் பிடித்துவிடுவார். ஆண்டறிக்கைக்கு ஒரு குரூப் போட்டோ. அத்தோடு சரி.

ஆனாலும், விருந்தினர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணம் ஒரு பழைய கதை. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். கேட்டவர்களில் பின்னாளில் வானியற்பியலரான எஸ். சந்திரசேகரும் ஒருவர், அப்போது அங்கே ஹானர்ஸ் மாணவர். சோமர்ஃபெல்ட் அணுக்களைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தை ஏற்கெனவே படித்து வைத்திருந்தவர். உரையைக் கேட்டதோடு நிற்காமல், சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஓட்டலுக்கே தேடிப் போய்விட்டார்.

அங்கே கிடைத்தது பாராட்டு இல்லை. அந்தப் புத்தகம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று எழுதியவரே சொல்லிவிட்டார். உழைத்துப் படித்த பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தாம் எழுதி, இன்னும் வெளிவராமல் இருந்த கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். ஃபெர்மி-டிராக் புள்ளியியல் என்னும் புதுக் கணக்கு அதில் இருந்தது. சந்திரசேகர் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவருடைய கட்டுரை வந்துவிட்டது. மறு ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வெள்ளைக் குறுமீன்கள் என்னும் சுருங்கிய விண்மீன்களுக்கு அவர் போட்ட கணக்கும் அதே புள்ளியியலின் மேல் நின்றதுதான். 1983-இல் கிடைத்த நோபல் பரிசு வரை அந்த ஓட்டல் சந்திப்பின் நூல் ஓடுகிறது. அதற்கு யாரும் அட்டெண்டன்ஸ் போடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

1929-இல் இன்னொரு ஜெர்மானிய இயற்பியலர் ஹைசன்பர்க் வந்தபோது அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு சந்திரசேகருக்குக் கிடைத்தது. மெரினா ஓரமாகக் காரில் போய்க்கொண்டே இயற்பியல் பேசியிருக்கிறார்கள். விருந்தினரை அழைத்து வரும் வேலை என்றால் இப்போது டிபார்ட்மென்டில் ஆளாளுக்கு நழுவுகிறார்கள். என்னைக் கேட்டால், முந்திக்கொண்டு கை தூக்க வேண்டிய வேலை அது.

இன்னொரு கதையும் சென்னையில் நடந்ததுதான். பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் 1957-58இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். அங்கே கேட்ட செமினார்கள் அவரை விடவில்லை. ஊர் திரும்பியதும், மயிலாப்பூரில் தம் குடும்ப வீடான 'ஏகாம்ர நிவாஸி'லேயே கோட்பாட்டு இயற்பியல் செமினார் தொடங்கிவிட்டார். பட்டத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் அதில் வேலையில்லை. மாணவர்கள் புதிதாக வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, தாங்களே பாடம் எடுத்தார்கள். சென்னைக்கு வந்த வெளிநாட்டு விஞ்ஞானிகள் அந்த வீட்டுக்கு வந்து பேசினார்கள். 1960 ஜனவரியில் டென்மார்க் இயற்பியலர் நீல்ஸ் போர் வந்தார். இந்தச் சிறு குழுவை அவர் வெளிப்படையாகப் பாராட்ட, பேச்சு பிரதமர் நேருவின் காதுவரை போனது. மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியமும் துணை நின்றார். 1962 ஜனவரி 3-ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இன்று தரமணியில் இருக்கும் அதே நிறுவனம்தான். தொடக்க விழா நடந்த இடம் மாநிலக் கல்லூரி. தொடங்கி வைத்தவர் சந்திரசேகர். இந்தத் தடவை அவர்தான் சிறப்பு விருந்தினர்!

போரை அசத்தியது அந்த மாணவர்கள் பேசிய விதம் என்றே நினைக்கிறேன். வரப்போகிறவர் எதைப் பற்றிப் பேசுவார் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். கேட்கக் கேள்வியும் இருந்திருக்கும். அப்படியிருந்தால் விருந்தினர் வரும் நாளும் படிக்கிற நாள்தான். நம் துறைத் தலைவர்கள் பொன்னாடைக்கான நேரத்தில் பாதியைக் கொடுத்தாலே போதும், ஆசிரியர்கள் யாரும் இல்லாமல் மாணவர்கள் மட்டும் விருந்தினரோடு டீ குடிக்கலாம். வருகிறவருடைய கட்டுரை ஒன்றை முந்தின வாரமே எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

எங்கேனும் இப்படி நடக்கிறதா? நடந்தால் எழுதுங்கள். கூட்டம் முடிந்த பிறகு படிக்கட்டிலோ, கேன்டீனிலோ, ஸ்டேஷனுக்குப் போகும் ஆட்டோவிலோ ஒரு விருந்தினர் உங்களிடம் சொன்னது எதுவானாலும் சரி, ஒரு பக்கத்துக்குள் அனுப்பி வையுங்கள். தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். மேடையில் எடுத்த குரூப் போட்டோ மட்டும் வேண்டாம். அலுவலகத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்