கோஸ் தீவுச் சாடிகள்



கோடை விடுமுறை வந்துவிட்டால் அரூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரே பேச்சு, பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்பதுதான். தீர்த்தமலையையும் சித்தேரி மலையையும் பார்த்து வளரும் குழந்தைக்குக் கடல் என்பது பாடப்புத்தகத்தின் நீல நிறமாகவே நின்றுவிடுகிறது. ஆனால் நம் வட்டத்தைத் தொட்டுச் செல்லும் தென்பெண்ணை, சாத்தனூர் அணையைக் கடந்து கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்திற்கு வடக்கே, புதுச்சேரியை ஒட்டியுள்ள அரிக்கமேட்டைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன்.

திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக விடியற்காலையில் புறப்பட்டால் முற்பகலில் சேர்ந்துவிடலாம். நேரே மேட்டுக்குப் போய்விடாதீர்கள். அங்கே கண்ணுக்குத் தெரிவது மரங்களும், ஆற்றங்கரையும், சிதைந்த செங்கற் சுவர்களுமே. அச்சுவர்களைக் காட்டி "இது யவனர் கட்டியது" என்று சொல்வோரும் உண்டு. நம்ப வேண்டாம், அவை 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமாரின் கட்டடம். ஆகவே, முதலில் புதுச்சேரி நகரில் பாரதி பூங்காவின் அருகேயுள்ள அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தவை அங்கேதான் இருக்கின்றன.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடல்வழிக் கையேடு, நம் கிழக்குக் கரையில் பொதுகே என்னும் துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. அது அரிக்கமேடே என்பது அறிஞர் பலரின் முடிவு. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழ்ந்தபோது இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ ஊரின் சிவந்த பளபளப்பான மட்கலங்களும், இருபுறமும் கைப்பிடி வைத்த உயரமான சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழ்ந்தனர். அச்சாடிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் கணிசமானவை கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் வகையைச் சேர்ந்தவை என்று கண்டனர். இரண்டு குழல்களை ஒட்டவைத்தாற்போன்ற கைப்பிடியே அதன் அடையாளம். அவற்றில் வந்தது மது. அது நமக்கு வேண்டாத சரக்கு. சாடியை வனைந்த தீவுதான் நமக்கு வேண்டும். ஏனெனில் அது நம் வீடுகளுக்குச் சற்றும் அந்நியமானதன்று.

வீட்டுப் பெரியவர்கள் யூனானி ஹகீமிடம் மருந்து வாங்கி உண்டதை நீங்கள் கண்டிருப்பீர்கள். யூனான் என்றால் அரபியில் கிரேக்க நாடு. நம் சங்கப் புலவர்கள் யவனர் என்றதும், அரபியர் யூனானியர் என்றதும் அயோனியா என்ற ஒரே பெயரிலிருந்து கிளைத்தவை. அந்த மருத்துவத்தின் மூலவராகப் போற்றப்படும் ஹிப்பாக்ரடீஸ், அதாவது நம் ஹகீம்கள் கூறும் புக்ராத், பிறந்தது அதே கோஸ் தீவில்! அவர் பெயரால் வழங்கும் நூல்களை 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவரைச் சேர்ந்தோரும் மொழிபெயர்த்தனர். இப்னு ஸீனா அம்மரபை விரித்தெழுதினார். தீவின் சாடி கடல் வழியே நேராக வந்தது. தீவின் மருத்துவமோ பக்தாதைச் சுற்றிக்கொண்டு பல நூற்றாண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது.

இன்று கோஸ் ஓர் உல்லாசத் தீவு. வெண்மணற் கடற்கரைகள், பழைய மருத்துவக் கோயிலின் படிக்கட்டுகள், ஹிப்பாக்ரடீஸ் பெயரால் வழங்கும் முதுமரம், அதனருகே உஸ்மானியர் காலப் பள்ளிவாசல் ஆகியவற்றைக் காண ஐரோப்பியர் திரள்கின்றனர். 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது தீவு இத்தாலியர் வசம் இருந்ததால், அங்குள்ள முஸ்லிம்கள் தப்பினர். இன்றும் பிளாத்தானி என்னும் சிற்றூரில் வாழ்கின்றனர்.

எதிர்க்கரையில் துருக்கியின் போட்ரம் நகரம் தெரிகிறது. கடவுச்சீட்டு உடையவர் ஒரு மணி நேரத்திற்குள் படகில் கடந்துவிடுவார். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அதே நீரை, இருளில், சிறு இரப்பர்ப் படகில் கடக்க முயன்றது ஒரு சிரியக் குடும்பம். படகு கவிழ்ந்தது. தாயும் இரண்டு ஆண் மக்களும் மாண்டனர். தந்தை மட்டும் மிஞ்சினார். சிவப்புச் சட்டை அணிந்த இளைய பாலகன் மணலில் குப்புறக் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. அக்கோடையில் தீவின் கரைகளில் ஒருபுறம் வெயில் காய்வோரும், மறுபுறம் கூடாரமடித்த அகதிகளும் இருந்தனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மண்சாடிகளுக்குத் திறந்திருந்த கடல்வழி அது. அருங்காட்சியகத்தில் அந்த உடைசல்களின் முன் நிற்கையில் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்பதே என் எண்ணம்.

பிறகு அரியாங்குப்பம் சென்று மேட்டைப் பாருங்கள். மழை பெய்தபின் மணிகளும் ஓட்டுத் துண்டுகளும் தரையில் தென்படக்கூடும். அது காக்கப்படும் இடம். பொறுக்கி மடியில் கட்டிக்கொள்ளக் கூடாது. பக்கத்திலேயே வீராம்பட்டினம். மீனவர் ஊர், நல்ல மணற்கரை. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனால் அங்கே அமர்ந்து உண்ணலாம். அலை பார்க்க அமைதியாகத் தோன்றும், உள்ளிழுப்பு வலியது. பிள்ளைகள் காலை நனைக்கும்போது, அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே பெரியவர் ஒருவர் நிற்கட்டும்.