பெயர் சொல்லாத மௌன அஞ்சலி

பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கூடும் சந்திப்புகள் இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை வந்துவிட்டன. ஒரே நிறத்தில் சட்டை தைத்துக்கொள்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், பழைய வகுப்பறைப் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் நிகழ்ச்சி நிரல் போடும்போது யாராவது இறந்துபோன தோழர்களைப் பற்றிக் கேட்டால், "சந்தோஷமா கூடுற அன்னைக்கு அந்தப் பேச்சு எதுக்கு?" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. கொஞ்சம் இளகினால் தொடக்கத்தில் ஒரு நிமிட மௌனம். 'மறைந்த நண்பர்களுக்காக' என்று பொதுவாகச் சொல்லி எல்லோரும் எழுந்து நிற்பார்கள். யார் யார் என்று ஒரு பெயர்கூடக் காதில் விழாது. நல்ல நாளில் இறந்தவர் பேச்சு ஆகாது, அது குடும்பத்தாரின் புண்ணைக் கிளறும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். இந்த நம்பிக்கைக்கு நம் மரபிலும் ஆதாரம் இல்லை, துக்கத்தை ஆராய்ந்தவர்கள் கண்டதிலும் ஆதாரம் இல்லை.

முதலில் மரபைப் பார்ப்போம். வட மாவட்டங்களில் பல வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் வாழ்ந்து மறைந்த பெண்ணுக்கு மஞ்சள், குங்குமம், பூ, புதுப்புடவை வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மற்ற வேலை தொடங்கும். சுமங்கலிப் பிரார்த்தனையும் இதே நினைப்பில் பிறந்ததுதான். திருமணத்துக்கு முன் செய்யும் நாந்தியும் முன்னோரை அழைப்பதுதான். நவம்பர் 2 அன்று கத்தோலிக்கர்கள் கல்லறையைத் துடைத்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இன்னும் பின்னே போனால் நடுகல். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. ஆநிரை கவரும் பூசலில் மாண்ட ஒருவனின் பெயரும் அந்தப் பூசல் நடந்த ஊரும் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. 'ஒரு வீரன்' என்று எழுதிவிட்டு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. மங்கல காரியத்தின் வாசலிலேயே இறந்தவரைக் கூப்பிட்டு நிறுத்தும் வழக்கம் உள்ள ஊரில், பழைய மாணவர் சந்திப்புக்கு மட்டும் அபசகுனம் எங்கிருந்து வந்தது?

குடும்பத்தாரின் புண் என்ற வாதம் இதைவிட வலுவானது, ஏனெனில் அது அன்பிலிருந்து வருகிறது. இறந்தவரிடமிருந்து மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று 1917இல் எழுதியவர் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட். பல பத்தாண்டுகள் மருத்துவர்களும் மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஃபிராய்ட் 1920இல் தன் மகள் சோஃபியைப் பறிகொடுத்தார். ஒன்பது ஆண்டு கழித்து, மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், இந்த இழப்புக்கு ஆறுதலும் இல்லை, ஈடும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். மகள் இருந்திருந்தால் அன்று அவளுக்கு முப்பத்தாறு வயது என்பதும் அவருக்கு நினைவிருந்தது. 1996இல் டென்னிஸ் கிளாஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட நூல் பழைய கருத்தையே புரட்டியது: பிள்ளையை இழந்த பெற்றோர் உறவை அறுத்துக்கொள்வதில்லை, வேறு வடிவத்தில் அதைத் தொடர்கிறார்கள், அந்தத் தொடர்ச்சியைப் பிறரும் பகிர்ந்துகொள்ளும்போது தாங்கும் பலம் பெறுகிறார்கள். புண் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. நாம் பேசாமலிருப்பதால் மிச்சமாவது நம்முடைய சங்கடம் மட்டுமே.

"அதெல்லாம் குடும்பம் பார்த்துக்கொள்ளும், நாம் என்ன உறவா?" என்கிறார்கள். வீடு பார்த்த பிள்ளை வேறு, வகுப்பு பார்த்த பிள்ளை வேறு. இன்டர்வலில் மாங்காய்க்குக் கடன் சொன்னது, விலங்கியல் ரெக்கார்டில் பெஞ்சில் இருந்த நாலு பேருக்கும் சேர்த்துத் தவளைப் படம் வரைந்து கொடுத்தது, கணக்கு வாத்தியார் மாதிரியே பேசிக் காட்டியது, இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அந்த நாற்பது பேர்தான். இளம் வயதிலேயே போய்விடுகிறவர்களும் குறைவல்ல. நாட்டில் 2022இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்துக்குள் உள்ளவர்கள். பைக்கில் போய் வீடு திரும்பாத ஒருவனின் மகள் இன்று அவன் படித்த அதே பத்தாம் வகுப்பில் இருக்கலாம். அப்பாவின் முகமே அவளுக்குச் சுவரில் மாட்டிய படம்தான். அவர் எப்படிச் சிரிப்பார் என்று சொல்லக்கூடியவர்கள் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்தில் நிற்கிறார்கள். அவளை அழைக்காமல் விடுவதை இரக்கம் என்று எப்படிச் சொல்வது?

தற்கொலை செய்துகொண்டவர்கள் விஷயத்தில் தயக்கம் நியாயமானது. 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் அப்படி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. கவனமில்லாத பேச்சு இன்னொருவரையும் அந்த வழிக்குத் தள்ளலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்வது வாயை மூடுங்கள் என்றல்ல. இறந்த முறையை விவரிக்காதீர்கள், அதைப் பெருமையாகவோ தீர்வாகவோ காட்டாதீர்கள், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லுங்கள் என்கிறது. வகுப்பும் அதையே பின்பற்றலாம். பெயரைச் சொல்லி, அப்படி இறந்த தோழி எப்படி வாழ்ந்தாள் என்று பேசலாம். யாரும் பேசாத இடத்தில் 'மார்க் குறைஞ்சிடுச்சு', 'லவ் ஃபெயிலியர்' என்ற வதந்தி மட்டும் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. முதலில் குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்பது எல்லா மரணத்துக்கும் பொருந்தும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் மேடையில் வேண்டாம். ஆனால் கேட்காமலே அவர்களுக்காக முடிவெடுக்கும் உரிமை நமக்குக் கிடையாது.

எந்த மரணம் நினைவில் நிற்கிறது என்பதில் இருக்கும் ஏற்றத்தாழ்வுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அதிகாரியான நண்பன் இறந்தால் ஃபிளெக்ஸ் எழும்புகிறது, வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்கள் வரிசை கட்டுகின்றன. பத்தாவதோடு நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன் இறந்தது பல ஆண்டு கழித்துத் தற்செயலாகத் தெரியவருகிறது. அவன் எண் குழுவிலேயே இருந்ததில்லை. பெயரில்லாத மௌனம் எல்லோரையும் சமமாக மதிப்பதுபோலத் தெரியும், ஆனால் அதில் முற்றாகத் தொலைந்துபோவது இவன்தான். இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பள்ளியில் கேட்டு வகுப்பின் பெயர்ப் பட்டியலை எடுத்து, அன்று ஆசிரியர் கூப்பிட்ட அதே வரிசையில் எல்லாப் பெயரையும் வாசிக்க வேண்டும். இருப்பவர் எழுந்து நிற்கட்டும். இல்லாதவரைப் பற்றி அவரோடு பெஞ்சில் உட்கார்ந்தவர் இரண்டு வார்த்தை சொல்லட்டும். யாருக்கும் விவரம் தெரியாத பெயர்கள் சில கட்டாயம் மிஞ்சும். சட்டைக்கு அளவு கேட்கத் தொடங்கும் மாதத்திலேயே, அந்த வீடுகளுக்கு யார் யார் போய் விசாரிப்பது என்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும்.